மூத்தோர் முழங்கால்: மூலமும் உரையும்

1. ஆய்வின் தேவை

திருவனந்தபுரத்தில் பழஞ்சுவடிகள் இரண்டு இடங்களில் பேணப்படுகின்றன. ஒன்று, காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம். மற்றொன்று, விடியற்காலை மியூசியம் வளாகம். முன்னதில் உள்ள ஓலைகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது எலுமிச்சைப்புல் எண்ணெய். பின்னதில் உள்ளவை தமக்குத் தாமே முறிவெண்ணெய் பூசிக்கொண்டு, முழங்காலில் உறை மாட்டி, வேலியோரம் ஒற்றைக் காலில் நின்று தொடையை இழுத்துக்கொண்டிருக்கும். ஓலைகளுக்கு அட்டவணை உண்டு, பதிப்பு உண்டு. மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாய்வுகளைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அடுத்த வரியில் அவை போதா என்று ஒதுக்கித் தள்ளுவது ஆய்வு மரபு. படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அம்மரபில் இல்லை. ஆகவே முன்னாய்வாளர் அனைவரையும் பாராட்டுகிறோம்.

2. ஆய்வின் எல்லை

மூத்த விளையாட்டு வீரர் என்பவர் யார்? உலக மாஸ்டர்ஸ் தடகளப் போட்டிகளில் 35 வயதிலேயே ஒருவர் மூத்தவராகிவிடுகிறார். அங்கிருந்து ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவுகள். 59 வயதில் கடைசியாக வந்து மூச்சு வாங்கியவர், 60 பிறந்ததும் தம் பிரிவின் இளங்காளை. மணிவிழாவைப் பதக்க வாய்ப்பாகக் கணக்கிடும் ஒரே இனம் இதுவே.

நடைப்பயிற்சி செய்வோர் இவ்வாய்வில் சேரார். அவர்களுக்கும் வலி உண்டு. ஆனால் வலியைப் பற்றிய பெருமை இல்லை.

3. முதல் நூல்

பத்மநாபபுரத்துக்கு அருகே கிடைத்த ஓலைச்சுவடிகளிலிருந்து மகாமகோபாத்தியாய டி. கணபதி சாஸ்திரி பதின்மூன்று நாடகங்களைக் கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அச்சிட்டார். வடமொழி நாடகாசிரியர் பாசன் எழுதியவை என்றார். ஆமா, இல்லையா என்று அறிஞருலகம் நூறாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டுகிறது. அவற்றுள் ஒன்று ஊருபங்கம், அதாவது தொடைமுறிவு.

நாடகத்தை எழுதியவர் யார் என்று கேட்டவர்கள் ஏராளம். துரியோதனனுக்கு நேர்ந்தது பயிற்சிக் காயமா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. வீமனின் இரும்புப் படிமத்தைக் கதையால் அடித்து அவன் பதின்மூன்று ஆண்டு பயிற்சி செய்தான் என்கிறது பாரதம். ஓய்வு நாள் பற்றிக் குறிப்பே இல்லை. வயதும் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட தொடை என்றைக்காவது போகத்தான் செய்யும். வீமன் வெறும் நிமித்தம். நாடகத்தில் மகன் ஓடிவந்து மடியில் உட்காரக் கேட்கிறான், தந்தையால் இயலவில்லை. பேரனைத் தூக்கக் குனிந்து அப்படியே நின்றுவிட்ட எந்தத் தாத்தாவுக்கும் இக்காட்சிக்கு உரை வேண்டியதில்லை.

4. வகைப்பாடு

மூத்தோர் வலிகள் ஆறு வகைப்படும்.

(அ) குதிகால் வலி. கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுரீரென்று ஏறும். கழிவறைக் கதவை எட்டும்போது பாதி தணியும். காப்பி ஆறுவதற்குள் மறந்துபோகும். மறதியே இந்நோயின் முக்கிய அறிகுறி.

(ஆ) குதிநாண் வலி. ஏழாம் இயலில் விரியும்.

(இ) முழங்கால் வலி. படி ஏறும்போது வருவது, இறங்கும்போது வருவது என இரண்டு. இறங்கும்போது வருவதே பெருவழக்கு. கைப்பிடியைப் பிடித்து, நண்டு போல் பக்கவாட்டில் இறங்குபவரைக் கண்டால், “செல்போனைத் தேடுகிறேன்” என்பார்.

(ஈ) பின்தொடைப் பிடிப்பு. பஸ்ஸைத் துரத்தியதால் வருவது, பஸ்ஸும் கிடைக்காது.

(உ) தோள் வலி. ஷட்டில் ஆடுவோர்க்கு உரியது. சட்டையின் இரண்டாம் கையில் வெளிப்படும்.

(ஊ) பக்கத்து வலி. ஒத்த வயதுக்காரர் கவடியார்ச் சாலையில் அநாயாசமாகக் கடந்து செல்லும்போது நெஞ்சின் இடப்புறத்தில் எழுவது. இதயநோய் அன்று. மறுநாளே மேற்கண்ட ஐந்தில் ஒன்றை இது உண்டாக்கும் (மியூசியம் வாய்மொழி மரபு, கிழக்கு பெஞ்சு).

5. காலநிர்ணயம்

“வலி எப்போது தொடங்கியது?” மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி இது. ஆய்வுலகின் மிகப் பெரிய சிக்கலும் இதுவே. இரு பள்ளிகள் உள்ளன.

முற்காலக் கொள்கையினர், அதாவது வலியை உடையவர்கள், அதை 1980களுக்குக் கொண்டுபோவர். பல்கலைக்கழக மைதானத்தில் கால்பந்து ஆடியபோது எதிரணிக்காரன் ஒருவன் முழங்காலில் உதைத்தான், அதுவே மூலம். வலிக்குக் காரணம் வயதன்று, வரலாறு என்று ஆகிவிடுவதே இக்கொள்கையின் அழகு.

பிற்காலக் கொள்கையினர், அதாவது மனைவியர், ஒரே சொற்றொடரில் முடிப்பர்: “போன ஞாயித்துக்கிழமை.” சங்குமுகம் மணலில் காலேஜ் பையன்களோடு பந்தயம் ஓடியதை அவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

இதே ஊரில், 1950களின் தொடக்கத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் தமிழுலகம் ஆசைப்பட்டதைவிடப் பல நூற்றாண்டு பின்னால் நிறுத்தி வசை வாங்கிக்கொண்டார். மனைவியரும் அதே நெறிதான். வசை மட்டும் அவர்களை எட்டியதில்லை.

சான்றுகளுக்கு வருவோம். அகச்சான்று நோயாளியின் வாக்குமூலம். இது காலத்தால் பெருகும் இயல்புடையது. முதற்பிரதியில் உதைத்தவன் “ஒரு பையன்”. அடுத்த பிரதியில் “மாவட்ட அணியில் ஆடியவன்”. அண்மைப் பிரதியில், 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கித் தந்த அணியில் இருந்தவர். அணியில் இருந்தவர் பத்தாண்டு கழித்துக் கல்லூரி மாணவனாக வந்து உதைப்பது எங்ஙனம்? ஆகவே சந்தோஷ் டிராபிப் பகுதி இடைச்செருகல் என்று துணியலாம். இதைக் குறுக்கிட்டுச் சுட்டியபோது கிடைத்த விடை: “அண்ணாச்சி, உதை வாங்கினது நானா நீரா?” (கவடியார்ச் சாலை வாய்மொழித் திரட்டு, விரிவுரைப் பகுதி, சாலையைக் கடக்கக் காத்துநின்றபோது அருளிச் செய்தது, வழி கிடைத்ததும் உரையாசிரியர் ஓடிவிட்டமையால் நூல் முற்றுப்பெறவில்லை. மியூசியம் பிரதியில் “நீரா” என்பதற்குப் பதில் “உங்க அப்பனா” என்று பாடபேதம். அது காலத்தால் முந்தியதாகலாம், கோபத்தால் பிந்தியது. இவ்விரு பாடங்களையும் ஒப்புநோக்கி மேற்கு பெஞ்சு எழுப்பிய தடையும், தடைக்கு விடையும், விடையைத் தேநீர்க்கடையில் மறுத்தவருக்கு நேர்ந்ததும் தனிநூலாக விரியத்தக்கன.)

புறச்சான்றுகள் இரண்டு. முதலாவது காலணியின் அடிப்பாகம். கோலம் தேய்ந்த வாசல்படியாய் வழுவழுத்துப் போன அதைப் புரட்டிக் காட்டினால், “இது நல்ல கம்பெனி ஷூ” என்பார். இரண்டாவது எக்ஸ்ரே. இங்கேதான் உண்மை ஆய்வாளனையே கேலி செய்கிறது. படத்தில் தெரியும் தேய்மானமும் காலில் உணரும் வலியும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் பாழடைந்திருக்க, பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுபவர் உண்டு. படம் பளிங்காயிருக்க, படுத்தபடுக்கையாய் இருப்பவரும் உண்டு. எலும்பு மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். கல்வெட்டு ஒன்று சொல்ல, களம் வேறொன்று சொல்லும்போது தொல்லியலார் ஒப்புக்கொண்டதாக இன்னும் செய்தி இல்லை.

ஏட்டின் அதிகாரத்துக்கு உலகச் சான்றும் உண்டு. 2011இல் டொரண்டோ மாரத்தான் ஓட்டத்தை முழுமையாக ஓடி முடித்தார் ஃபவுஜா சிங். வயது நூறு, நீண்ட ஓட்டங்களில் இறங்கியதே எண்பதைத் தாண்டிய பிறகுதான். கின்னஸ் நூல் அச்சாதனையை ஏற்கவில்லை. 1911ஆம் ஆண்டுப் பஞ்சாப் கிராமத்தின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தாண்டிய கால்கள் சான்றாகா. ஒரு துண்டுக் காகிதம் சான்றாகும். ஆய்வு நெறி வாழ்க!

6. மருந்து நூல்கள்

இப்பகுதி நகரின் பொதுச்சொத்து. 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலையின் வழிவந்த கல்லூரி நடுநகரில் நிற்க, அக்கல்லூரிக்குள் நுழையாமலே மருத்துவர் ஆனவர் மியூசியம் சுற்றுப்பாதை நெடுக நிற்கின்றனர். முறிவெண்ணெய்ப் பள்ளி, கொட்டஞ்சுக்காதிப் பள்ளி, தன்வந்தரம் குழம்புப் பள்ளி என எண்ணெய்ப் பள்ளிகள் மூன்று. மணத்தை வைத்தே யார் எந்தப் பள்ளி என்று பத்தடி தொலைவில் சொல்லிவிடலாம். கர்க்கடக மாதம் பிறந்தால் மூன்றும் ஒன்றாகி, கஞ்சி குடித்து, உழிச்சலுக்குப் படுத்துவிடும். மழையில் ஓட முடியாத மாதத்தை மருத்துவ மாதமாக்கிய முன்னோரின் அறிவு வியக்கத்தக்கது.

வர்மப் பள்ளி தெற்கிலிருந்து வந்தது. சுசுருதர் சொன்ன மர்மங்கள் 107. நம் வர்ம ஆசான்கள் எண்ணுவது 108. அந்த மிகுதி ஒன்று எங்கே இருக்கிறது என்று வடமொழியாளரும் தமிழரும் இன்னும் உடன்படவில்லை. எம் நண்பர் ஒருவருக்கு வலிப்பது அங்கேதான் என்று தோன்றுகிறது, எந்தத் தைலமும் அங்கே எட்டவில்லை.

பனிக்கட்டிப் பள்ளி அமெரிக்க வழியது. அடிபட்டால் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தல் என்ற நான்குறுப்புச் சூத்திரத்தை 1978இல் தந்தவர் கேப் மிர்கின் என்னும் மருத்துவர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே எழுதினார். தம் கொள்கையைத் தாமே திருத்திக்கொண்ட அறிஞர் என்னும் அரிய உயிரினம் இவ்வாறு வெளிநாட்டில் காணக்கிடைக்கிறது. நம்மூரில் அக்கொள்கைக்கு இன்னும் உரை எழுதிக்கொண்டிருக்கிறோம், ஃபிரிஜ்ஜில் பட்டாணிப் பொட்டலத்தைத் தேடியபடி.

7. குதிநாண் அதிகாரம்

இவ்வியலில் கற்பனைக்கு இடமில்லை. உண்மையே போதிய அளவு பைத்தியக்காரத்தனமாய் இருக்கிறது.

ஹோகன் ஆல்ஃபிரெட்சன் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர், ஓட்டக்காரரும்கூட. குதிநாண் வலி தீராததால் அறுவை செய்யச் சொல்லித் தம் மேலதிகாரியைக் கேட்டார். விடுப்பில் போனால் வேலை கெடும் என்று அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் அறுவை செய்தே ஆக வேண்டுமல்லவா? அதை அறுத்தேவிடுவது என்று முடிவுகட்டி, வலிக்க வலிக்கக் குதிகாலைப் பளுவோடு இறக்கிப் பயிற்சி செய்தார். அறுந்தபாடில்லை. வலிதான் போய்விட்டது.

1998இல் இதை முறையான ஆய்வாக்கினார். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் ஊன்றி நிற்க வேண்டும். நல்ல காலால் மேலெழுந்து, வலிக்கும் காலுக்கு எடையை மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. பதினைந்து வீதம் மும்மூன்று சுற்று, நாளைக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம். கூட்டினால் நாளொன்றுக்கு 180. ஆய்வில் சேர்ந்த பதினைந்து ஓட்டக்காரர்களும் பழையபடி ஓடினர். நாணில் இரத்த ஓட்டம் குறைவு, திசு புதுப்பிக்கும் வேகமும் குறைவு. ஆகவே சும்மா கிடந்தாலும் தேறாது, அவசரப்பட்டாலும் தேறாது. அளவான பளுவை நிதானமாக ஏற்றினால் தேறும்.

மேற்படி பயிற்சியை மியூசியம் பெஞ்சுகளில் எடுத்துரைத்தோம். எல்லோரும் தலையாட்டினர். “பன்னிரண்டு வாரமா?” என்று ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

8. முடிபு

இவ்வாய்வால் பெறப்படுவது ஒன்றே. வலிக்கும் காலோடு ஓடும் மூத்தவருக்கு அறிவுக்குறை ஏதுமில்லை. “நாளைக்கு ஓடலாம்” என்ற முடிவை அவர் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறார். பிறகு அதற்கு உடன்படும் மருத்துவர், ஆசான், தைலம், பெஞ்சு ஆகியவற்றைத் தேடிப் புறப்படுகிறார். உடன்படாத மருத்துவரைப் புறச்சான்று என்று தள்ளுகிறார். இதைக் காலால் செய்தால் காயம் என்கிறோம். கையால் செய்தால் ஆய்வேடு என்கிறோம்.

வாசகர்க்கு ஒரு வார்த்தை. முட்டு வீங்கினாலும், இரவில் வலி எழுப்பினாலும், சில வாரம் தாண்டியும் குறையாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள்; போனால் அவர் சொல்வதைக் கேளுங்கள், நீங்கள் சொல்லி அவரைத் தலையாட்ட வைக்காதீர்கள். மற்ற வலிகளுக்கு ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். தூரத்தைக் குறையுங்கள், வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யுங்கள், கூட்டுவதை மெல்லக் கூட்டுங்கள். பன்னிரண்டு வாரம் பொறுமை இல்லாதவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு முழங்கால் தேவையில்லை.