ஒரு தேதி, மூன்று தலைவர்கள்

கேள்வி: வெவ்வேறு ஆண்டுகளில், ஆனால் ஒரே தேதியில் நடந்த நிகழ்ச்சிகளில் உங்களை அதிகம் பாதித்தது எந்தத் தேதி?
(வாசகர் ஒருவர், விருதுநகர்)

பதில்: காமராஜரின் ஊரான விருதுநகரிலிருந்து கேட்டுவிட்டு வேறு பதிலை எதிர்பார்க்கலாமா? அக்டோபர் 2 தான்!

1869-ல் காந்தி பிறந்தார்; 1904-ல் லால் பகதூர் சாஸ்திரி. பாவம் சாஸ்திரி, பிறந்தநாள் மாலையில்கூட அவருக்குப் பாதிதான் கிடைக்கிறது.

என்னை உலுக்குவது காமராஜர் கணக்கு. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர், யாரும் விரட்டாமலே, கட்சிப் பணிக்காக நாற்காலியை விட்டு எழுந்தது 1963 அக்டோபர் 2. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகட்டும் என்ற அவருடைய ‘கே பிளான்’படி மத்திய உள்துறையை முன்பே உதறியவர் சாஸ்திரி. மறு ஆண்டு நேரு மறைந்ததும் அதே சாஸ்திரியைப் பிரதமராக்க முன்னின்றவர், அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர். பதவியை விடத் தெரிந்தவரிடம் பதவியைக் கொடுத்தார்; என்ன அருமையான தேர்வு! 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், காமராஜர் கண் மூடியதும் அக்டோபர் 2. தகனம் கிண்டியில், காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில்.

இன்னொரு காந்தி மண்டபம் கன்னியாகுமரியில். அக்டோபர் 2 உச்சிவேளையில் கூரைத் துளை வழியே வரும் வெயில், காந்தியின் அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் சரியாக விழும்படி கட்டியிருக்கிறார்கள். அவசியம் பாருங்கள். கூட்டம் நெருக்கும், பதினோரு மணிக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள்.