பந்தும் மழையும்

கேள்வி: கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கும் கண்மாய்த் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம், ஐயா?
– ஒரு வாசகர், பந்தல்குடி

பதில்: தங்கள் பருத்திக்காட்டில் யூரியா தூவிய மறுநாள் பெருமழை கொட்டினால் என்ன நேருமோ அதுவேதான் அங்கும் நேரும்; புல்லுக்கு இட்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் நீர்நிலையை அடைந்து, பாசி மண்டி, பிராணவாயு குன்றி, மீன்கள் மடியக்கூடுமாதலால், கரையோரப் புல்லை வெட்டாமல் உயர வளரவிடுவதும், மழைக்கு முன் உரமிடாதிருப்பதும் உத்தம நிர்வாகத்தின் லட்சணங்கள். மைதான நிலம் மழைநீரைத் தேக்கவும் உதவும்: 2024-இல் கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலத்தை மீட்ட தமிழக அரசு, வேளச்சேரியை வெள்ளத்தினின்று காக்கும் பொருட்டு, அங்கே மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டியது சாலச் சிறந்த காரியம். பந்து குழியில் விழுந்தால் ஆடியவருக்கு வெற்றி. மழை குழியில் விழுந்தால் ஊருக்கே வெற்றி!