முதுகில் ஏறும் மூஸ்: அன்றும் இன்றும்

அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸில் செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கு போனாலும் மூஸ் பேச்சுதான். தனானா ஆற்றுக்குப் போகும் சாலையில் படகு இழுத்துச் செல்லும் வண்டிகள் வரிசை கட்டும். வீடுகளில் ஃப்ரீசரைக் காலி செய்து துடைத்து வைப்பார்கள். இங்கே பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுவதற்குமான கறி இந்த ஒரு மாதத்தில்தான் வந்து சேர வேண்டும். எண்பதுகளின் கடைசியில் வேலைக்காக நான் இந்த ஊருக்கு வந்தபோது, என்னை முதலில் ஈர்த்தது துப்பாக்கி அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் ஆணியில் தொங்கிய, முதுகில் மாட்டிக் கறி சுமக்கும் சுமைப்பலகை.

மான் இனத்திலேயே மிகப் பெரியது மூஸ். உயிரோடு 1,600 பவுண்டு, அதாவது 725 கிலோ இருக்கும் ஒரு ஆண் மூஸிலிருந்து ஏறக்குறைய 225 கிலோ கறி கிடைக்கும். எலும்போடு ஒரு பின்னந்தொடை மட்டுமே 45 கிலோவைத் தாண்டிவிடும். சுடுவதற்கு ஒரு நொடி போதும். அதன்பின் அந்தக் கறி அத்தனையும் யாராவது ஒருவர் முதுகில் ஏறித்தான் படகுக்கு வர வேண்டும். அலாஸ்காவின் சட்டம் இதில் கறாரானது. நான்கு கால் பகுதிகள், விலா, கழுத்து, நெஞ்சுக்கறி, முதுகுச் சதை என உண்ணத்தக்க கறி எதையும் காட்டில் விட்டுவர முடியாது. கொம்பைக் கடைசிச் சுமையோடுதான் எடுத்துவரலாம். கறியை அழுக விடுபவருக்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. கொன்ற உயிருக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை அதுதான்.

பெரியவரிடம் இருந்தது ‘ட்ராப்பர் நெல்சன்’. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த லாய்ட் நெல்சன் 1920-களின் தொடக்கத்தில் வடிவமைத்து, 1924இல் காப்புரிமை பெற்றது. அலாஸ்காவில் பழங்குடியினர் வில்லோ கழிகளில் சீல் தோலைக் கட்டிச் செய்திருந்த சுமைப்பலகையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. இரண்டு மர நெடுங்கால்கள், குறுக்கே பட்டைகள், அவற்றின் மேல் கயிறு கோத்து முறுக்கிக் கட்டிய கித்தான் துணி. மரம் முதுகில் படாது, அந்தத் துணிதான் படும். பையைத் தனியே கழற்றி வைத்துவிட்டு வெறும் பலகையில் கறியைக் கட்டலாம். இடுப்புப் பட்டை கிடையாது.

அந்தப் பலகையில் பெரியவர் சுமை ஏற்றும் முறையை இன்றும் மறக்க முடியவில்லை. தொடையைப் பருத்தித் துணிப் பையில் போடுவார். காற்றுப் போகாவிட்டால் சூடு அடங்காமல் எலும்பை ஒட்டியே கறி கெட ஆரம்பிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பையைத் தொடவே மாட்டார். தடித்த பக்கம் முதுகை ஒட்டி வரும்படி பலகையில் கிடத்தி, கயிற்றை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு முடிச்சுப் போடுவார். பிறகு பலகையைப் பிடித்துக் குலுக்குவார். கறி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுவார். கட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, பலகையில் முதுகைச் சாய்த்துக் கைகளை வார்களுக்குள் நுழைப்பார். ஒருக்களித்துப் புரண்டு மண்டியிட்டு, கோலை ஊன்றி எழுவார். இளந்தாரிகள் நின்றபடியே தூக்கி மாட்டி இடுப்பைச் சுளுக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்படி ஆனதே இல்லை.

ஆனாலும் அந்தப் பலகையின் விலையை அவர் உடம்பு கொடுத்தது. இங்குள்ள சதுப்பு நிலத்தில் கோரைக் குத்துகள் முழங்கால் உயரத்துக்குத் தலை தலையாக வளர்ந்திருக்கும். மேலே கால் வைத்தால் சாயும். இடையில் வைத்தால் நீரில் புதையும். ஒவ்வொரு தள்ளாட்டத்திலும் சுமை முழுவதும் இரண்டு தோள்களில் வெட்டி இழுக்கும். கரையேறியதும் விரல்கள் மரத்துப்போய்ப் படகின் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நிற்பார். பழைய பலகைகளை ஏங்கிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியதுதான் சுமைப்பலகைகளில் நடந்த உண்மையான மாற்றம். 1952இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் டிக் கெல்டி தன் வீட்டிலேயே அலுமினியக் குழாயை வளைத்து முதுகில் சுமக்கும் ஃப்ரேம் செய்தார். அவர் மனைவி நீனா பைகளைத் தைத்தார். ஃப்ரேமின் கீழ் நுனிகளைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தால் தோள் லேசாகிறது என்ற அனுபவத்திலிருந்துதான் அவருடைய இடுப்புப் பட்டை பிறந்தது. தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமக்கும் நம்மூர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: சுமை முதுகெலும்பு வழியே நேராக இடுப்புக்கு இறங்கினால் தசைக்கு வேலை குறைவு. புதருக்குள் தலைச்சுமை செல்லாது. அதனால் அந்த வேலையை முதுகுக்குப் பின்னால் இரண்டு விறைப்பான கம்பிகள் செய்கின்றன. அடியில் தட்டு வைத்த அலுமினிய ஃப்ரேம்கள் வந்தபின் தொடைக்கறி கீழே சரிவதும் நின்றது.

இன்று கார்பன் நார் வந்துவிட்டது. ஃப்ரேமையும் பையையும் சற்றுப் பிரித்து நடுவில் கறியை வைத்து இறுக்கும் வசதி வந்துவிட்டது. சுமை முதுகோடு ஒட்டி நிற்கிறது, பின்னால் இழுப்பதில்லை. பெரியவர் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் தோள்கள் பிழைத்திருக்கும். புதியது நிச்சயமாக மேலானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாறிப்போனது, வாங்குகிறவர் கேட்கும் கேள்வி. போன கோடையில் இங்கே ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மதுரைப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான்.

“அண்ணா, இது முழுசா ரெண்டு கிலோதான் இருக்கு. வாங்கட்டுமா?”

“அது எவ்வளவு இருக்குன்னு விடு தம்பி. நாற்பது கிலோவை ஏத்தினா அது என்ன ஆகும்னு பார்த்தியா?”

அவனை வீட்டுக்கு அழைத்து, தலையைக் குனியச் சொல்லி, கழுத்தடியில் துருத்தும் எலும்பில் விரல் வைத்தேன். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைக்கச் சொன்னேன். அந்த இரண்டுக்கும் இடையில் முதுகோடு நாடா பிடித்து எடுக்கும் நீளம்தான் ஃப்ரேமின் அளவு. ஆளின் உயரத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும் ஐந்தரை அடி ஆளுக்கு நீள முதுகும் இருப்பது சாதாரணம்.

அடுத்து இடுப்புப் பட்டை. அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேட்டில் உட்கார வேண்டும். வயிற்றில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும், கீழே வழிந்தால் எடை திரும்பத் தோளுக்கே போகும். முழுதாக இறுக்கிய பிறகும் இழுக்க இன்னும் கொஞ்சம் வார் மிச்சம் இருக்க வேண்டும். வேட்டை முடிவதற்குள் உடம்பு மெலியும்.

மூன்றாவது, ஃப்ரேமின் உச்சி தோளுக்குச் சில அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். அங்கிருந்து தோள் வாருக்கு இறங்கும் சிறு பட்டையை இழுத்தால்தான் சுமை உடம்போடு சேர்ந்து தோளின் பாரம் குறையும். உச்சி தோள் மட்டத்திலேயே நின்றுவிட்டால் அந்தப் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் பாரம் குறையாது. நான்காவது விறைப்பு. பாரத்தில் வளையும் ஃப்ரேம் எத்தனை லேசாக இருந்தாலும் கறி சுமக்க உதவாது.

கடையில் இரவல் வாங்கிய இரண்டு ஃப்ரேம்களில் மாற்றி மாற்றி அவனுக்கு 50 பவுண்டு அரிசி மூட்டை இரண்டைக் கட்டினோம். மாடிப்படி ஏறி இறங்கி, மேடு பள்ளமான கொல்லையில் அரைமணி நேரம் நடந்தான். அவன் ஆசைப்பட்ட மாடலின் பட்டை பத்து நிமிடத்தில் இடுப்பை விட்டு வழிந்தது. அரைக் கிலோ கூடுதலான இன்னொன்று கடைசிவரை நகரவில்லை. அதையே வாங்கினான்.

ஃப்ரேமில் சுமப்பது மிகப் பழைய பழக்கம். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள் கிடைத்த ஏட்சி என்ற பழங்கால மனிதனின் உடைமைகளோடு வளைத்த ஹேசல் கம்பும் லார்ச் பலகைகளும் கிடைத்தன. 5,300 ஆண்டு பழைய அந்தக் கட்டுமானத்தை அவன் முதுகில் சுமந்த ஃப்ரேம் என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். பொருள் மாறியிருக்கிறது, முதுகெலும்பு மாறவில்லை. பெரியவரின் முடிச்சும், குலுக்கிப் பார்ப்பதும், உட்கார்ந்து எழுவதும் எந்த ஃப்ரேமோடும் விலைக்கு வருவதில்லை. அவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டுப் பழகத்தான் வேண்டும்.

ஃப்ரேம் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதுகை அளந்து, எடை ஏற்றி நடந்து பார்த்து வாங்குங்கள். காட்டில் குறி பார்க்கும்போது படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். முழுக் கறியையும் கெடாமல் சுமந்து கொண்டுவர முடியாத இடத்தில் மூஸ் நின்றால், சுடாதீர்கள்.