எல்லாம் உங்களுக்காகத்தான்

கிரேட் நிக்கோபார் தீவுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கேட்காமலேயே டெல்லி அவர்களுக்கு 72,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டிருக்கிறது. கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம்.

130 சதுர கிலோமீட்டர் காடு போகிறதே என்று சிலர் அழுகிறார்கள். அழுவானேன்? ஈடாக ஹரியானாவில் மரம் நடப்போகிறார்கள். அந்தக் காட்டில் வாழும் ஷொம்பென் பழங்குடி மக்களுக்கு, சாப்பிடத் தாழம்பழம் வேண்டுமென்றால் போர்ட் பிளேருக்கு ஒரு கப்பல், சென்னைக்கு ஒரு கப்பல், அப்புறம் டெல்லி ரயில். பொழுதுபோக்கும் ஆச்சு.

2011 கணக்கெடுப்பில் ஷொம்பென் 229 பேர். தீவுக்கு வரப்போகிறவர்கள் மூன்றரை லட்சம். இனிமேல் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தோணி ஆமைகளையும் அரசு மறக்கவில்லை. 2021 ஜனவரியில், அவை முட்டையிடும் கலத்தியா சரணாலயத்தை ரத்து செய்து, லிட்டில் நிக்கோபாரில் வேறொன்று ஒதுக்கிவிட்டது. முகவரி மாறியதை ஆமைகளுக்கு யாராவது சொன்னால் போதும்.

நன்றி கெட்டவர்கள் எங்கும் உண்டு. 2004 சுனாமியில் ஊரை இழந்து கேம்பல் பேயில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரிகள், பழைய ஊருக்கே திரும்ப வேண்டுமாம். விவரம் முழுதாகச் சொல்லவில்லை என்று, திட்டத்துக்குக் கொடுத்த சம்மதத்தையும் அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டது. பாருங்கள், சம்மதம் இல்லாமலேயே வேலை எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கிறது! அடுத்த திட்டத்துக்கு அந்தக் காகிதச் செலவும் மிச்சம்.