ஏணியோடு வரும் நல்லவர்கள்

பிரிஸ்கோ, டெக்சாஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "கூரை மேல நிக்கிறவன் யாருடா? எதுக்கு சாக்பீஸால வட்டம் போடுறான்?" என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் முன்னால் நிற்பது உங்கள் பேரன், பள்ளிக்கூடத்துக் கோப்பையோடு. மேஸ்திரியான உங்கள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை, கூரைதான் தெரிந்திருக்கிறது. போனில் விளக்கினால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூரை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இங்கே வீட்டுக்கு மேலே காங்கிரீட் தளம் கிடையாது. கம்பி இல்லை, ஜல்லி இல்லை, தட்டோடு இல்லை. மரச்சட்டம் கட்டி, பலகை அடித்து, பலகைமேல் ஷிங்கிள் என்று ஒன்றை வரிசையாக அடுக்கி ஆணி அடித்துவிடுகிறார்கள். கண்ணாடி இழையில் செய்த பாய், அதில் தார், தாருக்கு மேல் பொடிக்கல் தூவல். அவ்வளவுதான் கூரை. காங்கிரீட் எல்லாம் தரைக்கு அடியில். அதுவும் இந்தப் பக்கம் களிமண் பூமி. வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், வீடு விரிசல் விடும். அதனால் கோடைக்காலத்தில் வீட்டைச் சுற்றி ஓட்டைக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறோம். நீங்கள் காங்கிரீட் போட்டால் பதினான்கு நாள் கியூரிங் என்பீர்கள். இங்கே வீடு நிற்கிறவரை கியூரிங்.

இந்தக் கூரைமேல்தான் மார்ச் தொடங்கி ஜூன்வரை ஆலங்கட்டி மழை விழும். டிவியில் அதன் அளவைப் பட்டாணி, கால் டாலர் காசு, கோல்ஃப் பந்து, பேஸ்பால் என்று ஏறுவரிசையில் சொல்வார்கள். 2021 ஏப்ரல் 28 அன்று இதே மாநிலத்தின் தெற்கே ஹோண்டோ என்ற ஊரில் விழுந்த ஒரு கட்டியின் குறுக்களவு 6.4 அங்குலம். டெக்சாஸில் அன்று அது சாதனை. அதற்கு எந்தப் பந்தைச் சொல்லி ஒப்பேற்றினார்களோ!

மழை விட்ட மறுநாள் காலையில் ஏணி கட்டிய டிரக்குகள் தெருவுக்குள் வந்துவிடும். பாதி வண்டிகளில் வேற்று மாநில நம்பர் பலகை. புயல் எங்கே போகிறதோ அங்கே போய்த் தொழில் செய்கிறவர்கள். இறங்கி வருகிற பையன் சலவைச் சட்டை போட்டிருப்பான், கையில் டேப்லெட், வாய் நிறைய 'சார்'. "உங்கள் பக்கத்து வீட்டில்தான் வேலை செய்கிறோம். போகிற வழியில் உங்கள் கூரையைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. இலவசமாகவே ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்" என்பான். நீங்கள் படத்தில் பார்த்தவனைப் போல ஏறுவான். இறங்கும்போது துக்கம் விசாரிக்க வந்தவன் முகத்தோடு இறங்குவான். சாக்பீஸ் வட்டம் போட்ட படங்களைக் காட்டி, "மொத்தக் கூரையும் போச்சு சார். கவலை வேண்டாம், ஒரு பைசா உங்களுக்குச் செலவில்லை, எல்லாம் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்பான்.

எல்லோரும் திருடர்கள் என்று சொல்லவில்லை. ஆலங்கட்டியில் கூரை உண்மையாகவே கெட்டுப்போகும். நல்ல ஆட்கள் ஒரே நாளில் பழசைப் பிரித்துப் புதுசு போட்டு, கீழே சிந்திய ஆணியைக் காந்தம் உருட்டிப் பொறுக்கிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால் யார் நல்லவன் என்று அரசாங்கம் சொல்லாது. டெக்சாஸில் ஒருவர் தலைமுடியை வெட்ட மாநில லைசென்ஸ் வேண்டும். குழாய் வேலைக்கு வேண்டும், கரண்ட் வேலைக்கு வேண்டும், ஏசி வேலைக்கு வேண்டும். வீட்டின் கூரையைப் பிரித்துப் போட மாநில லைசென்ஸ் என்று ஒன்றே இல்லை. தலைக்கு இருக்கிற மரியாதை கூரைக்கு இல்லை. அதனால் சிலர் காலுறைக்குள் கோல்ஃப் பந்தைப் போட்டுக் கூரையை அடித்து ஆலங்கட்டிக் காயம் தயாரிக்கிறார்கள். காசின் விளிம்பால் பொடிக்கல்லைச் சுரண்டுகிறவர்களும் உண்டு. நாம் கீழே நிற்கிறோம், மேலே நடப்பது நமக்கு எங்கே தெரியும்?

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பையனுக்கு நேரம் சரியில்லை. நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கதவைத் திறந்தது என் மாமனார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வந்ததிலிருந்து, ராத்திரி தூக்கம் வராத நேரத்திலெல்லாம் டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறை போட்டிருக்கிற எச்சரிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார். வேறு யாராவது பேரனோடு கேரம் ஆடியிருப்பார்கள்.

பையனை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பையன் டேப்லெட்டை நீட்டி, "கூரையைப் பரிசோதிக்க அனுமதி, சும்மா ஒரு கையெழுத்து" என்றான். மாமனார் கண்ணாடியை மாட்டினார். சித்தப்பா, இவர் பெட்டிக்கடை பில்லையே இரண்டு முறை படிப்பவர். பதினோராவது வரியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இன்ஷூரன்ஸ் பணம் தர ஒப்புக்கொண்டால் இந்தக் கம்பெனிக்கே வேலை தர வேண்டும், மறுத்தால் இத்தனை சதவீதம் நஷ்டஈடு என்று அங்கே இருந்தது. "தம்பி, அனுமதிச் சீட்டில் நஷ்டஈடு எதற்கு?" என்றார்.

பையன் சிரித்து மழுப்பினான். மாமனார் விடவில்லை. உங்கள் கடை எந்த ஊரில்? எத்தனை வருஷமாக? போன வருஷம் இந்தத் தெருவில் யாருக்குப் போட்டீர்கள்? வீட்டு வாசலில் வைத்து வாங்குகிற கையெழுத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று மத்திய அரசு விதி இருக்கிறதே, அந்த ரத்துப் படிவம் இரண்டு நகல் தர வேண்டுமே, எங்கே? பையன் கடைசி அஸ்திரமாக, "இன்ஷூரன்ஸ்காரரிடம் நானே பேசித் தொகையை ஏற்றித் தருகிறேன், நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம்" என்றான். கூரை போடுகிறவரே அந்த வீட்டு இன்ஷூரன்ஸ் கிளெய்முக்குப் பேரம் பேசக் கூடாது என்று இங்கே சட்டம். அது செல்லும் என்று 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாமனார் தேதியோடு சொன்னார். பையன் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தான். பாவம், ஐந்து நிமிஷ வேலை என்று வந்தவன், மதியச் சாப்பாட்டு நேரம்வரை தணிக்கையில் மாட்டிக்கொண்டான்.

ஆனால் இதிலெல்லாம் பெரிய வேலை அந்த 'ஒரு பைசா செலவில்லை'தான். இங்கே இன்ஷூரன்ஸ் முழுப் பணமும் தராது. டிடக்டிபிள் என்று நம் பங்கு ஒன்று உண்டு. ஆலங்கட்டிக்கு அது பெரும்பாலும் வீட்டுக் காப்புத் தொகையில் ஒன்றோ இரண்டோ சதவீதம். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பு இருந்தால், இரண்டு சதவீதம் என்பது 8,000 டாலர். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று காண்ட்ராக்டர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஒன்று, இன்ஷூரன்ஸுக்குப் போகிற பில்லை ஊதிக் காட்டுவார். இல்லையென்றால் மட்டமான சாமானைப் போடுவார். 2019 செப்டம்பர் 1 முதல் அப்படித் தள்ளுபடி செய்வது குற்றம். நம் பங்கை நாம் கட்டினோமா என்று கேட்டு ஆதாரம் பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைத் தருவோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லலாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இந்த வலையில் விழுந்தார். டிடக்டிபிள் கட்டியதாக ஒரு பொய் ரசீது, அதற்கு இவர் கையெழுத்து. கூரை புதுசாகப் பளபளத்தது. அடுத்த மழைக்குச் சாப்பாட்டு மேஜைமேல் சொட்டியது. அந்தக் கம்பெனி எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை. புகார் கொடுக்கலாமே என்றேன். மனுஷர் பேசாமல் என்னைப் பார்த்தார். புகார் கொடுத்தால் முதலில் அந்த ரசீதைக் காட்ட வேண்டுமே! நம்மூரில் ஏமாற்றுகிறவன் பணத்தோடு ஓடுவான், நாம் ஊர் கூட்டிக் கத்தலாம். இந்த வித்தையில் அவன் முதலில் நம்மைக் கூட்டாளி ஆக்குகிறான், பிறகுதான் ஓடுகிறான். வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். எனக்குக் கூரை போனதைவிட இதுதான் கொடுமையாகப் பட்டது.

இன்னொன்று, தெருவின் பார்வை. ஒரு வீட்டில் புதுக்கூரை வந்தால் வாசலில் கம்பெனிப் பலகை நடுவார்கள். இரண்டு வாரத்தில் வரிசையாகப் பலகை. நம் வீட்டு வாசலில் மட்டும் வெறும் புல். "எல்லாரும் வாங்கிட்டாங்க, நாம மட்டும் பிரீமியம் கட்டிட்டு சும்மா இருக்கோம்" என்று உங்கள் மருமகள் ஆரம்பித்தாள். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்து நமக்கு மட்டும் விட்டுப்போனால் வருகிற கோபம் அது. அநேகம் பேரைக் கையெழுத்துப் போட வைப்பது ஆலங்கட்டியில்லை, இந்தக் கோபம்தான்.

கடைசியில் பக்கத்து ஊரிலேயே கடை வைத்து, பழைய வாடிக்கையாளர் பெயர் சொல்லக்கூடிய ஒருவரை நாங்களே அழைத்தோம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "கூரைக்கு வயசாகிறது, அடிபடவில்லை. வென்ட் குழாயைச் சுற்றியிருக்கிற ரப்பர் வெடித்திருக்கிறது. அதை மாற்றினால் போதும்" என்றார். அன்று மதியமே மாற்றிவிட்டார். கிளெய்ம் போடவில்லை. மாமனார் அவரிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி, பழைய ரப்பரையும் கேட்டு வாங்கி கராஜில் வைத்திருக்கிறார். சாட்சியாம்.

இப்போது இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அவருக்கு நல்ல கிராக்கி. சனிக்கிழமை ஆனால் யாராவது ஒரு காண்ட்ராக்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் மருமகள் டிக்காஷன் போட்டு மாளவில்லை.

அடுத்த மாதம் மாமனார் ஊருக்கு வருகிறார். நீங்கள் கேட்ட லேசர் அளவுகோலை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்பார், எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நகல்.

உங்கள் அன்பு மகன்