முன்னச்சு ஒலித்திணையியல்: பழைய ஜீப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

தொல்காப்பியம் அரங்கேறியபோது குற்றம் குறை கேட்டவர் அதங்கோட்டு ஆசான். அந்த அதங்கோடு விளவங்கோடு வட்டத்தில் இருப்பதுதான் என்பது குமரி மாவட்டத்தாரின் உறுதியான நம்பிக்கை. மனித உடம்பில் எழுத்தொலி பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என எட்டாக அந்நூலின் பிறப்பியல் வகுத்துத் தந்துவிட்டது. ஜீப்பின் முன்னச்சில் ஒலி பிறக்கும் இடங்களை மட்டும் எவரும் வகுக்கவில்லை. அன்று ஜீப் இல்லை என்பதைச் சமாதானமாக ஏற்கலாம். ஆனால் இன்றைய மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய பிறகும் புலவர்கள் வாய் திறக்காததற்குச் சமாதானம் ஏது? அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வெல்லை

முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள். எம்.எம். 540 வகையறாக்கள் இதில் அடங்கும். இவற்றின் முன்னச்சு ஒரே நீளத் தண்டு. அது யு போல்ட்டால் பட்டைக் கட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். பட்டையின் ஒரு நுனி சேசிஸில் நிலையாகவும் மறு நுனி ஷேக்கிளில் ஊசலாடியும் இருக்கும். சுருள் ஸ்பிரிங் வைத்த புதிய வண்டிகள் சேர்க்கப்படவில்லை. அவற்றில் சத்தம் குறைவு. சத்தம் குறைந்த இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது இலக்கணம். முன்னச்சு நோய் நாடுதலில் இவ்விரண்டும் சமமல்ல. பொழுதே பெரிது என்பது இக்கட்டுரையின் துணிபு. இரும்பு வழியே ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டர்தான். இடது ஷேக்கிளில் பிறந்த சத்தம் சேசிஸ் வழியே ஓடி ஓட்டுநரின் வலது காலடியில் வந்து நிற்பது இதனால்தான். அங்கேதான் கோளாறு என்று அவர் சத்தியம் செய்வார். காது சொல்லும் இடத்தை நம்பினால் பணம் போகும். எப்போது கேட்கிறது என்று பார்த்தால் வண்டி பிழைக்கும்.

நாகர்கோவில் பக்கத்துப் பட்டறையொன்றில் பதிவான உரையாடல் சான்றாகும்:

“ஓய் மேஸ்திரி, முன்னால வலது பக்கம் கெடந்து ஒரு சத்தம் கேக்கு. என்னதாக்கும்?”

“அண்ணாச்சி, எங்க கேக்குன்னு நீரு சொல்லாண்டாம். எப்பம் கேக்கு, அதச் சொல்லும்.”

“எப்பமும் கேக்கு.”

“பிரேக்கு போடும்பமா, வளைக்கும்பமா, பள்ளத்துல விழும்பமா?”

“மச்சினன் எடது பக்கம் ஏறி இருந்தா கேக்கு. எறங்கிட்டாம்னா கேக்கல.”

“அப்பம் எடது பக்கத்துப் பட்டையத்தான் பாக்கணும். வலத கழத்தாண்டாம்.”

வலப்பக்கம் கேட்ட ஒலிக்கு இடப்பக்கம் தேறியது இங்கே. மச்சினனின் எடை ஓர் ஆய்வுக் கருவியாகப் பயன்பட்டதை அறிஞர்கள் கவனிக்க வேண்டும். பிரான்சில் லென்னெக் 1816-இல் ஸ்டெதஸ்கோப் கண்டார். நம் பட்டறையில் நீள ஸ்குரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்துப் பிடியைக் காதில் பொருத்தினால் அதே வேலை நடக்கும்; எந்த மூட்டில் சத்தம் கூர்மையாக வருகிறதோ அதுவே பிறப்பிடம்.

போலி ஒலிகள்

திணை வகுக்குமுன் போலிகளைக் களைய வேண்டும். சீட்டுக்கு அடியில் உருளும் ஜாக்கி, கிளிப் கழன்ற பானெட், கட்டுவிட்ட பேட்டரி, படுதாக் கம்பி, பின்னால் கிடக்கும் வெட்டுகத்தி, ஒட்டுப்பால் சாக்குக்கு அடியில் மறந்துபோன சக்கைப்பழம் ஆகிய அனைத்தும் முன்னச்சு ஒலிபோலவே மயக்கும். எனவே வண்டியைக் காலியாக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. செலவில்லாத சோதனை என்பதால் இதை எவரும் செய்வதில்லை.

1. குறிஞ்சி

கீரிப்பாறைக்கு மேலே மாறாமலை, பாலமோர் எஸ்டேட் பாதைகள் இதன் நிலம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு கருப்பொருள். உரிப்பொருள் புணர்தல், இரும்பும் இரும்பும் புணர்தல். பள்ளத்தில் விழும்போது ‘ணங்’ என்று ஒரே அடி கேட்டால் பம்ப் ஸ்டாப் ரப்பர் தேய்ந்து அச்சு சேசிஸைத் தொடுகிறது என்று பொருள். பட்டை தளர்ந்து படிந்திருப்பதும் காரணமாகலாம். அப்போது ரப்பரை மட்டும் மாற்றுவது வீண்.

ஃபோர்வீல் போட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வரும் ‘டக் டக்’ வேறு சாதி. முன்சக்கரத் தண்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது. கிராஸ் மூட்டு வளைந்து சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறி இறங்கும். அதனால் ஸ்டியரிங்கில் லேசான துடிப்பு வருவது இயல்பு, நோயன்று. ‘டக்’ என்ற ஒலிதான் நோய். ஹப் லாக் உள்ள வண்டியில் ஐயம் தீர்க்க எளிய வழி உண்டு. சமதளத்துக்கு வந்து ஃபோர்வீலை எடுத்து, ஹப்பை விடுவித்து ஓட்டினால் முன் தண்டுகள் சுழலாமல் நிற்கும். சத்தமும் நின்றால் குற்றவாளி தண்டு, கிராஸ், முன் கிரௌன் ஆகியவற்றுள் ஒன்று. நிற்காவிட்டால் வீல் பேரிங்கோ பட்டைக் கட்டோ.

மூன்றாவது ஒலி மறதியில் பிறப்பது. மலையிறங்கித் தார்ச்சாலைக்கு வந்த பின்னும் ஃபோர்வீலை எடுக்க மறந்தால், வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். இவ்வகை வண்டியில் அந்த வேறுபாட்டைப் பங்கிட நடுவில் ஏற்பாடு இல்லை. முறுக்கு ஏறி ஏறி ‘மடார்’ என வெடிக்கும். மருந்து, ஃபோர்வீலை எடுத்துவிடுவது.

2. முல்லை

குலசேகரம், அருமனை, திற்பரப்பு வட்டாரத்து ரப்பர் தோட்டங்களின் செம்மண் பாதை. ஒலி ‘கிறீச்’. உரிப்பொருள் இருத்தல்: ரப்பர் புஷ் வெளியூரிலிருந்து வரும்வரை ஆற்றியிருத்தல். கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் பால் வடியும் ஊரில் கட்டைவிரல் பருமன் ரப்பருக்காகக் காத்திருக்கும் அவலம் முல்லைக்கே உரியது. எந்தப் புஷ் என்று அறிய ஒவ்வொன்றின்மீதும் தனித்தனியே தண்ணீர் தெளித்து வண்டியைக் குலுக்க வேண்டும். எது நனைந்ததும் வாய் மூடுகிறதோ அதுதான். ஆனால் கையில் இருக்கிறதே என்று கிரீஸையோ பழைய எஞ்சின் ஆயிலையோ தடவக் கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிக் குழைந்துவிடும். அதேசமயம் இன்னும் பழைய ஜீப்புகளில் ஷேக்கிள் மரையிட்ட இரும்பாக, கிரீஸ் நிப்பிளோடு இருக்கும். அங்கே கிரீஸ்தான் உயிர். ஒரே ‘கிறீச்’, நேர் எதிர் மருத்துவம்.

3. மருதம்

பூதப்பாண்டி, திட்டுவிளை, இறச்சகுளம் முதலிய வயல்நாட்டு ஊர்களின் வேகத்தடைகள். உரிப்பொருள் ஊடல், வண்டிக்காரருக்கும் மேஸ்திரிக்கும் நிகழ்வது. “போன மாசந்தானே சரியாக்கித் தந்தீரு?” என்பது ஊடலின் முதல் அடி, டீக்கடைக்காரர் வாயிலாக இருந்து தீர்த்து வைப்பார். சிறு மேட்டில் ஏறும்போதே ‘டொக்’ என்றால் ஷாக் அப்சார்பர் கண்ணின் புஷ். ஷாக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒரே ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

மேடு பள்ளமே இல்லாத இடத்தில், பிரேக் மிதித்ததும் ஒரு ‘டொக்’, விட்டதும் மறு ‘டொக்’ என்றால் அது விளையாட்டன்று. யு போல்ட் தளர்ந்து அச்சு பட்டைமேல் நகர்கிறது. சென்டர் போல்ட் ஒடிந்திருக்கவும் கூடும். யு போல்ட் பிடிக்கும் இடத்தில் செந்துருத் தூள் படிந்திருந்தால் ஐயம் வேண்டாம். புதுப்பட்டை போட்டவர் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் வந்து நட்டை முடுக்க வேண்டும். பட்டை அழுந்திப் படிந்து இடம் விடுவதால் இது தேவை. மேலே சொன்ன ஊடலில் பாதி, அப்படி வராமல்போனதால் விளைந்தது.

4. நெய்தல்

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிக் கடலோரம். உரிப்பொருள் இரங்கல். ஒலியும் இரங்கல்தான், நீண்ட முனகல். உப்புக்காற்றும், தென்மேற்கு வடகிழக்கு எனும் இரு பருவமழையும் சேர்ந்து பட்டைகளுக்கிடையே துரு ஏற்றுகின்றன. வழுக்க வேண்டிய பட்டைகள் உராய்கின்றன. கட்டைப் பிரித்து, துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் பூசிக் கோக்க வேண்டும். மணவாளக்குறிச்சி மணலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. இல்மனைட்டோடு கார்னெட்டும் அதில் கலந்திருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்ய உதவும் கனிமம். அது கிரீஸில் கலந்தால், மூட்டைக் காக்க வைத்த பொருளே மூட்டை அரைக்கத் தொடங்கும்.

5. பாலை

பாலைக்கு நிலமில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கிடையே நீளும் நேர்சாலையை அதற்கு வாடகைக்குத் தரலாம். அங்கேதான் பழைய ஜீப் தகுதிக்கு மீறிய வேகம் எடுக்கிறது. பாலைக்குரிய பறை துடி. ஒரு சிறு குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் தடதடவெனத் துடித்து ஸ்டியரிங் கையில் நில்லாமல் ஆடும். உரிப்பொருள் பிரிதல். எது எதைப் பிரியும் என்பது வேகத்தைப் பொறுத்தது.

சோதனை: சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைக்கவும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். கிங்பின் பேரிங்குக்கு ஷிம் வைத்து இறுக்கம் சரிசெய்யலாம். பின்பு வண்டியை இறக்கி நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாகச் சிறிது ஆட்ட, மற்றவர் டை ராட் எண்டுகளைக் கையால் பொத்திப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு உள்ளங்கையில் தட்டும். காது தோற்ற இடத்தில் கை வெல்லும்.

தடை விடை

அற்றேல், எல்லா ஒலிக்கும் அஞ்ச வேண்டுமோ எனின், வேண்டா. கிறீச்சோடும் முனகலோடும் பல்லாண்டு வாழலாம். பிரேக்கில் வரும் டொக்கோடு மாறாமலையிலிருந்து இறங்கக் கூடாது. துடியோடு நூறு மீட்டரும் போகக் கூடாது.

இத்தனை சோதனை எதற்கு, புஷ், பட்டை, ஷாக், கிங்பின், டை ராட் எண்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடுமே எனின், நிற்கும். பணமுள்ளோர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் ஐந்தில் எது கத்தியது என்பது அவர்களுக்கு ஆயுள்வரை தெரியாது. அடுத்தமுறையும் ஐந்தையும் வாங்குவர். ஒரு பாகத்தை மாற்றி, அதே வேகத்தடையில் அதே வேகத்தில் ஏறிக் கேட்டு, பிறகே அடுத்ததைத் தொடுபவர் அறிஞர். அவருக்குச் செலவு குறைவு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் கோளாறு சொல்லும் திறமை மிச்சம். உதிரிபாகக் கடைக்காரர்கள் இம்முடிவை ஏற்கவில்லை. அவர்களுடைய மறுப்புரை பில்லாக வந்திருக்கிறது.