வாய்க்குப் பூட்டா, கொடுமைக்குத் தடையா?

கேள்வி: பள்ளிகளில் சக மாணவரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டங்கள் மாணவர்களின் பேச்சுரிமையைப் பறித்துவிடாதா?

பதில்: சொற்கள் தளர்ந்திருந்தால் பறித்துவிடும். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், பள்ளியின் பணியைக் கணிசமாகக் குலைக்காத, பிறர் உரிமையில் கைவைக்காத கருத்து வெளிப்பாட்டைத் தடுக்க முடியாது என்று வரையறுத்தது. மனம் புண்பட்டது என்பது மட்டும் தண்டனைக்குப் போதாது என்பதே இதன் பொருள். 2001இல் பென்சில்வேனியப் பள்ளி நிர்வாகம் ஒன்றின் துன்புறுத்தல் தடை விதி, அளவுக்கு மீறி அகலமானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் செல்லாமல் போனதும் இக்காரணத்தால்தான்.

ஆனால் 2011இல் மிச்சிகன் மேலவை இதற்கு நேர்மாறாகத் தடுமாறியது. உளமார்ந்த சமய நம்பிக்கையாலோ அறக்கொள்கையாலோ சொல்லப்படும் கூற்றுக்குத் தடையில்லை என்று மசோதாவில் எழுதி, துன்புறுத்துபவனுக்கே சட்டக் கவசம் தைத்துக் கொடுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் அந்த வரி இல்லை. அதை நீக்கியதே சரி. கொள்கையை விமர்சிப்பது பேச்சுரிமை. ஒரு சிறுவனைக் குறிவைத்து, அவன் பள்ளிக்கு வரவே அஞ்சும்படி நாள்தோறும் இழிவுபடுத்துவது அவனுடைய கல்வியுரிமையைப் பறிக்கும் செயல். அதைத் தடுக்கும் கடமையிலிருந்து எந்தப் பள்ளியும் விலக முடியாது.